அறுநூற்று இருபத்தைந்து சதுர அடி

மர அறுவை மில்லின் வெளிச்சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். டேப்பின் ஒரு முனை டேப்புக்காரர் கையில், மறுமுனை சுவரெழுதுகிற எழுத்துக்காரர் கையில். எந்த வேட்பாளருக்கு எதிராக அளக்கிறார்களோ அவளுடைய புருஷனையே முனையைப் பிடிக்கச் சொல்கிறார்களே என்று கட்டை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நல்லா இழுத்துப் பிடிங்க எழுத்துக்காரரே. தொப்பை விழுது."

"விழுறது டேப்புக்கா சார், உங்களுக்கா?"

கட்டை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். டேப்புக்காரர் சிரிக்கவில்லை. அவர் தேர்தல் செலவுக் கணக்கு பார்க்க வந்தவர். காதோரம் நரைத்த, சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கிற மனிதர். வந்த பத்து நாளில் ஊர் அவர் உத்தியோகத்தின் பெயரை மறந்து டேப்புக்காரர் ஆக்கிவிட்டது. வார்டில் யார் எந்தச் சுவரில் எழுதினாலும் அளப்பார். கொடி கட்டினால் கொடியை எண்ணுவார். டீ வாங்கிக் கொடுத்தால் டம்ளரை எண்ணுவார்.

"நீளம் இருபது," என்று நோட்டில் எழுதிக்கொண்டு உயரம் அளக்க டேப்பை மேலே தள்ளினார். இரும்பு டேப்பு ஆறடி வரை விறைப்பாகப் போயிற்று, அதற்கு மேல் இடுப்பு ஒடிந்து சடசடவென்று அவர் தலையிலேயே விழுந்தது. தினமும் அப்படித்தான் விழும். தினமும் ஒருமுறை கம்பு இல்லாமல் முயன்று பார்ப்பதை அவரும் விடுவதில்லை. பிறகு நுனியில் கவட்டை உள்ள மூங்கில் கம்பை எடுத்து, டேப்பின் முனையை அதில் மாட்டி மேலே நிறுத்தினார்.

"எட்டு. இருபதெட்டு நூத்தி அறுபது. சதுர அடிக்கு எட்டு வீதம், ஆயிரத்து இருநூத்தி எண்பது. யாரு எழுதினது?"

"நான் இல்ல சார்."

"வாளி உங்க வீட்டுச் சின்னம். ஊர்லயே சுவரெழுதுறவர் நீங்க ஒருத்தர்தான்."

"அதுக்கு நான் என்ன பண்ண? என் ஐயாயிரத்தத்தான் போன வாரமே எழுதித் தீர்த்துட்டேனே. நீங்கதானே அளந்தீங்க?"

விதி அதுதான். ஒரு ஆள் ஒரு வேட்பாளருக்கு ஐயாயிரம்தான் கொடுக்கலாம். பணமாகக் கொடுத்தாலும் கணக்கு, பெயிண்டாகக் கொடுத்தாலும் கணக்கு, பொண்டாட்டிக்காகப் புருஷன் சுவரெழுதினாலும் கணக்கு. கொடுத்தவர் யார், எந்த வீடு, என்ன தொழில் என்று வாராவாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். கையெழுத்து வேண்டும். அந்தப் பட்டியலை வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள்.

"யார்னு தெரியலைன்னு எழுதிக்கங்க."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் வந்து கையெழுத்து போடணும். இல்லேன்னா பேர் தெரியாதவன்கிட்ட வாங்கினதா ஆகும். உங்க வீட்டம்மா பேரை அடிச்சிருவாங்க."

"வெள்ளையடிச்சிடவா?"

"அடிங்க. வெள்ளையடிச்ச கூலியும் சேரும்."

கட்டை இறக்குகிறவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். எழுத்துக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. அவர் வலது காலைச் சுவரோடு ஒட்டிக் கம்பம் மாதிரி நின்றிருந்தார். அந்தக் காலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், பென்சிலில் சின்னதாக ஒன்று எழுதியிருந்தது. டேப்புக்காரர் வருவதற்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார்.

20 x 8.

டேப்புக்காரர் சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் காலை எடுத்தார்.

சுவரெழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் கீழே வலது மூலையில் பென்சிலால் அளவைக் குறிப்பார்கள். பக்கத்தில், யார் காசு தர வேண்டுமோ அவருக்கான ஒரு குறி. மருந்துக்கடைக்கு ஒரு பெருக்கல், துணிக்கடைக்கு இரண்டு கோடு. காசு கொடுக்க வந்தவர் தன் கட்டைவிரலால் அதைத் தேய்த்து அழிப்பார். ரசீதும் அதுதான், வவுச்சரும் அதுதான். பென்சில் நிற்கிற சுவருக்குக் காசு வரவில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் இந்தப் பழக்கம் தெரிந்து எழுதியவர்கள் இரண்டே பேர். எழுத்துக்காரர் ஒருவர். அவர் தம்பி இன்னொருவன். தம்பி செத்து ஏழு வருஷம் ஆகிறது.

வாளியின் கைப்பிடியை அவர் மறுபடியும் பார்த்தார். வலது கைக்காரன் பிரஷ்ஷை இடமிருந்து வலமாக இழுப்பான். கோடு இடப்பக்கம் தடித்துத் தொடங்கி வலப்பக்கம் மெலியும். இந்தக் கைப்பிடி வலப்பக்கம் தடித்து இடப்பக்கம் மெலிந்திருந்தது. தம்பி இடது கைக்காரன்.

ராத்திரி முழுக்கத் தூறல் போட்டிருந்தது. சுவரடியில் மண் சேறாகக் கிடந்தது. ஏணி ஊன்றிய பள்ளம் ஒன்றுகூட இல்லை. ஒரு சொட்டு நீலம் கீழே சிந்தவில்லை. தம்பி எழுதினால் சிந்தவே சிந்தாது. "சிந்துற பெயிண்டுக்கு எவன் காசு தருவான்?" என்பான்.

---

அவர் மனைவி சாக்கு கோடவுனில் கிழிந்த சாக்கு தைக்கிறவள். பத்து வருஷமாக ஊசி பிடித்து ஆட்காட்டி விரல் கோணிப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சணல் தூசியை முகத்திலிருந்து கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. நீங்கதானே?"

"உன் மூஞ்சிய முப்பது வருஷமாப் பார்க்கிறேன். நான் இல்லடி."

"ஆசையில எழுதிட்டேன்னு சொன்னீங்கன்னா திட்டிட்டு விட்டுருவேன். ஒளிச்சீங்கன்னாத்தான்..."

"நான் எழுதினா கைப்பிடி இந்தப் பக்கமா தடிக்கும்?"

அவள் முகத்தைத் துடைத்த துணியை இறக்கிவிட்டுப் பின்கட்டைப் பார்த்தாள். அங்கே தம்பி பொண்டாட்டி ராத்திரிச் சோற்றுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் வெங்காயம், வலது கையில் கத்தி. பாட்டில் கழுவும் கொட்டகையில் வேலை. நாள் முழுக்கக் காரத் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, கோடே இல்லாமல் இருந்தன. எங்கேயாவது கைரேகை வைக்கச் சொன்னால் மை மட்டும்தான் பதியும்.

"அவ காதுல விழப்போகுது," என்றாள் மனைவி.

"விழுந்துருச்சுக்கா," என்றாள் தம்பி பொண்டாட்டி. கத்தி நிற்கவில்லை. "மில்லு வழியாத்தானே வந்தேன். நானும் பார்த்தேன்."

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பச்சை வெங்காயம் பற்களுக்கிடையே நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு வருஷத்துக்கு முந்திய தேர்தல். ஒப்பந்தக்காரர் ஏணிச் சின்னத்தில் நின்றார். வார்டின் பாட்டில் கொட்டகை, லாரி எடைமேடை, பம்ப் ஹவுஸ் பராமரிப்பு எல்லாம் அவருடையது. எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்பதுக்கு இருபதில் ஒரு தகர விளம்பரப் பலகை வைத்தார். அவ்வளவு பெரிய ஏணியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. எழுதியவன் தம்பி. அன்றைக்கு எழுத்துக்காரர் ஊரின் அந்தக் கோடியில் மருந்துக்கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். சாரத்தைக் கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லை. மத்தியானம் நான்கு மணிக்குத் தம்பி விழுந்தான். எழுத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கிருந்து எடைமேடைக்கு ஓடி வந்தபோது மணி ஆறு. தகரமும் இல்லை, சட்டமும் இல்லை. சிமெண்டுத் தரையில் போல்ட்டுகளின் அடிக்கட்டைகள் நான்கு மட்டும் வெள்ளையாக அறுபட்டு நின்றன.

நஷ்டஈடு கேட்டு வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். குமாஸ்தா செலவுப் படிவத்தைப் புரட்டினார். ஒப்பந்தக்காரர் கொடுத்த கணக்கில் அப்படி ஒரு பலகையே இல்லை. பலகை இல்லையென்றால் அதை எழுதியவனும் இல்லை. "பின்னே எப்படிச் செத்தான்?" என்று இவர் மனைவி கேட்டாள். எடைமேடைக் கூரையில் தகரம் திருட ஏறி விழுந்ததாகப் போலீஸ் தாளில் எழுதியிருந்தது. தம்பி பொண்டாட்டியைத் திருடன் பொண்டாட்டி என்று பாட்டில் கொட்டகையில் ஒருத்தி சொன்னதற்கு, மனைவி போய்ச் சொன்னவள் கூந்தலைப் பிடித்தது தனிக்கதை. அன்றைக்கு ஆபீஸ் படியிறங்கும்போதே மனைவி சொன்னாள்: "அடுத்த தடவை நான் நிக்கிறேன். அந்தாளு கொடுக்கிற தாள ஒவ்வொண்ணா நான் படிக்கிறேன்." சொன்னபடி நின்றாள். இப்போது அவளுடைய தாளே கிழியப் பார்த்தது.

---

செவ்வாய்க்கிழமை இரண்டு சுவர். பம்ப் ஹவுஸில் பன்னிரண்டுக்குப் பத்து. சாக்கு கோடவுனில் இருபத்தைந்துக்கு ஆறு. புதன்கிழமை, மூடிக்கிடக்கிற சினிமாக் கொட்டகையில் பதினைந்துக்கு எட்டு. எல்லாம் நீல வாளி. எல்லாவற்றிலும் கைப்பிடி வலப்பக்கம் தடித்திருந்தது. விடிந்து ஆட்கள் நடமாடும்போது பெயிண்ட் ஈரமாகவே இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். ஆனால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பம்ப் ஹவுஸ் காவல்காரன் வாசலிலேயே படுத்திருந்தவன். தலைமாட்டிலேயே எழுதியிருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை.

"நீ செத்துக் கிடந்தியாய்யா?" என்று கேட்டார் எழுத்துக்காரர்.

"தூங்கலண்ணே. டர்பண்டைன் வாசனை வந்துச்சு. நீங்கதான் எழுதுறீங்கன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். விசில் அடிச்சீங்களே."

எழுத்துக்காரருக்கு விசில் அடிக்க வராது. முன்பல் இரண்டும் கிடையாது. பிரஷ்ஷோடு விசிலும் சேர்ந்து வந்தால்தான் தம்பிக்கு எழுத்து நேராக வரும்.

டேப்புக்காரர் ஒவ்வொரு சுவராக வந்தார், கம்பை நிமிர்த்தினார், எழுதிக்கொண்டார். புதன்கிழமை சினிமாக் கொட்டகை முன்னால் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஐந்நூத்தி அம்பது சதுர அடி. நாலாயிரத்து நானூறு. ஒரே கை எழுதினதுன்னு எனக்கே தெரியுது. அதனால ஒரே ஆள் கணக்கு. இன்னும் அறுநூறுதான் பாக்கி. நாளைக்கு ஒரு சுவர் கொஞ்சம் பெருசா வந்துச்சுன்னா, கையெழுத்து போட ஆள் வந்தாலும் பிரயோஜனமில்ல. வரம்பு தாண்டிரும். வாங்கினவங்களும் போவாங்க, கொடுத்தவங்களும் மாட்டுவாங்க."

அப்போதுதான் எழுத்துக்காரருக்கு உறைத்தது. இது உதவி இல்லை. யாரோ நமக்காக எழுதி எழுதியே நம்மைக் கவிழ்க்கிறார்கள். காசைக் கொட்டி, இடது கைக்காரன் ஒருவனைப் பிடித்து, தம்பியின் எழுத்தைப் பழக்கி... இப்படி யோசிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். பெயிண்ட் டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு எடைமேடைக்குப் போனார்.

ஒப்பந்தக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து லாரிகளின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தேவிட்டார்.

"நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். என்னய்யா விளையாட்டு இது?"

"அத நான்தான் கேக்க வந்தேன். எத்தனை கொடுத்து எழுத வைக்கிறீங்க?"

"நானா? உன் பொண்டாட்டிக்கு நான் எதுக்குய்யா எழுதணும்?"

"வரம்பு தாண்டத்தான்."

ஒப்பந்தக்காரர் ஒரு கணம் யோசித்தார். அந்த யோசனை இதுவரை தனக்கு வராமல் போயிற்றே என்று வருத்தப்படுகிற முகம். பிறகு அந்த முகமும் மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. அந்தக் கைய எனக்கும் தெரியும். பத்து வருஷம் எனக்கு எழுதினவன். சினிமாக் கொட்டகைப் பக்கம் வண்டில போனேன். பார்த்ததும் டிரைவர் தானா நிறுத்திட்டான். யாரைப் பிடிச்சு எழுத வைக்கிற? சொல்லிடு. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பயந்த மனிதனை எழுத்துக்காரருக்குத் தெரியும். உயரத்தில் சாரம் ஆடும்போது பார்த்திருக்கிறார். கீழுதடு தனியாகத் துடிக்கும். இந்த ஆள் நடிக்கவில்லை. திரும்பி நடந்தார். திரும்பும்போது போல்ட்டு அடிக்கட்டைகளில் ஒன்று காலில் இடறியது.

---

வியாழக்கிழமை சுவர் எடைமேடைச் சுற்றுச்சுவரில் வந்தது. ஒப்பந்தக்காரரின் சொந்தச் சுவர். அறுபதடி நீளம், புதிதாக வெள்ளையடித்து, ஏணி எழுதுவதற்காகக் காலியாக விட்டிருந்தது. அதன் ஒரு கோடியில் மட்டும், நெருக்கி, இடித்துக்கொண்டு, ஒரு சின்ன வாளி. தம்பி ஒருநாளும் எழுத்தை நெருக்க மாட்டான். இங்கே நெருக்கியிருந்தது. இடமில்லாமல் இல்லை. பக்கத்தில் நாற்பத்தைந்தடி வெள்ளையாகக் கிடந்தது.

டேப்புக்காரர் அளந்தார். திரும்பவும் அளந்தார். உயரம் ஐந்தடிதான், கம்பு தேவைப்படவில்லை.

"பதினஞ்சுக்கு அஞ்சு. எழுபத்தஞ்சு. அறுநூறு." நோட்டின் அடியில் கோடு போட்டார். பேனா கோட்டின் மேலேயே நின்றது. "அறுநூத்தி இருபத்தஞ்சு சதுர அடி. ஐயாயிரம். சுளையா."

எழுத்துக்காரர் டேப்பின் முனையைக் கீழே விட்டார்.

"ஒரு விரக்கடை கூட இல்ல," என்றார் டேப்புக்காரர். முதல் தடவையாக அவர் குரலில் சர்க்கார் இல்லை. "பாக்கி அறுநூறுன்னு நேத்து உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். நோட்ட வேற யாருக்கும் நான் காட்டலை. எழுத்துக்காரரே, யாருங்க இது?"

பென்சில் குறியை இந்த முறை காலால் மறைக்கத் தோன்றவில்லை. 15 x 5. அளவுக்குப் பக்கத்தில், காசு தருகிறவர் குறி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. ஐந்து சுவரிலும் அப்படித்தான். யாரிடமும் காசு கேட்காத சுவர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர், வீடு, புருஷன் அல்லது தகப்பன் பெயர், தொழில், கையெழுத்து. ஐந்தும் காலி.

"கோடவுன்ல ரெண்டு பேரக் கேட்டேன். போடுறேன்னாங்க. அப்புறம் பலகைல ஒட்டுவாங்கன்னதும் புருஷன்கிட்ட கேக்கணும்னுட்டாங்க. போட்டாலும் பொய்தானே. எழுதத் தெரியுமான்னு கேட்டா?" ஊசி விரலால் காலிக் கட்டங்களைத் தடவினாள். "ஏழு வருஷம் இதுக்குத்தான் இருந்தேனா? அந்தாளு நாற்பதடியக் கணக்குல காட்டாம ஜெயிச்சான். நான் எனக்கே தெரியாத சுவரால தேர்தல்ல இருந்து போறேன்."

பின்கட்டிலிருந்து தம்பி பொண்டாட்டி வந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்தாலும் ஈரம் போகாத கை.

"என் பேரப் போடுங்கக்கா."

"நீயா எழுதின?"

"நான் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்ல. என் ஐயாயிரம் அப்படியே இருக்கு. போடுங்க."

"எழுதிக் காட்டச் சொன்னா?" என்றார் எழுத்துக்காரர்.

அவள் அவரைப் பார்த்தாள். "அத அப்பப் பார்த்துக்கலாம் மாமா," என்றாள்.

---

வெள்ளிக்கிழமை வெயில் வந்துவிட்டது. ஒரு வாரத் தூறலுக்குச் சேர்த்து அடித்தது. வார்டு ஆபீஸ் முற்றத்துச் சிமெண்டில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. படிவத்தைக் கொடுக்கப் போனபோது ஒப்பந்தக்காரர் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர் வேட்பாளருக்கு ஆட்சேபணை சொல்ல உரிமை உண்டு.

டேப்புக்காரர் படிவத்தை வாசித்தார். பெயர். வீடு. கணவர் பெயர் வந்ததும் ஒப்பந்தக்காரர் பெஞ்சில் நெளிந்தார். தொழில் என்ற இடத்தில், பாட்டில் கழுவுதல் என்று எழுதியதை அடித்துவிட்டுச் சுவரெழுத்து என்று எழுதியிருந்தது.

"சுவரெழுத்தா? இவளா?" ஒப்பந்தக்காரர் சிரித்தார். "என் கொட்டகைல பாட்டில் கழுவுறவ சார். பிரஷ்ஷே பிடிச்சதில்ல. பொய்ப் படிவம். எழுதிக் காட்டச் சொல்லுங்க."

டேப்புக்காரர் சங்கடமாக அவளைப் பார்த்தார். "எழுதுவீங்களாம்மா? ஒரே ஒரு வாளி."

"எழுதுறேன். எங்க?"

"அந்தச் சுவர்ல..." என்று கை நீட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, வேண்டாம். அங்க எழுதினா அதுவும் சேரும். ஒரு எழுத்து சேர்ந்தாலும் ஐயாயிரத்தத் தாண்டிரும்."

ஆபீஸே ஒரு நிமிஷம் திகைத்தது. ஐயாயிரம் முழுதாகத் தீர்ந்துபோனவள், எழுதியதை நிரூபிக்க இன்னொரு எழுத்து எழுத முடியாது. குமாஸ்தா காகிதம் என்றார். காகிதத்தில் எழுதினால் அது சுவரொட்டி ஆகுமா என்று டேப்புக்காரருக்குச் சந்தேகம். கடைசியில் தம்பி பொண்டாட்டியே முற்றத்தின் குழாயடியைக் காட்டினாள்.

"தண்ணிக்கு என்ன வீதம் சார்?"

"தண்ணிக்கு... இல்ல. தண்ணிக்கு வீதம் இல்ல."

எழுத்துக்காரர் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். நான்கு அங்குலம், பன்றிமயிர், தம்பியுடையது. ஏழு வருஷமாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார், எழுதியதில்லை. அவள் வலது கையால்தான் வாங்கினாள். வாங்கியவள் குந்தி உட்கார்ந்து குவளைத் தண்ணீரில் முக்கும்போது பிரஷ் இடது கைக்குப் போயிருந்தது. எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

காய்ந்த சிமெண்டில் ஈரம் கறுப்பாக ஓடியது. வாளியின் வாய், வயிறு, அடி. பிறகு கைப்பிடி, வலமிருந்து இடம், ஒரே இழுப்பு. வலப்பக்கம் தடித்து இடப்பக்கம் மயிர்போல் மெலிந்தது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அவள் உதடு குவிந்திருந்தது. சத்தம் வரவில்லை, காற்று மட்டும் போயிற்று.

வாளிக்குக் கீழே 'வாளி' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பு நுனியைத் தண்ணீரில் தொட்டு, கீழே வலது மூலையில் சின்னதாக எதையோ கிறுக்கினாள்.

40 x 20.

பக்கத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கோடு.

எழுத்துக்காரர் அதைத் திரும்பவும் படித்தார். வட்டத்துக்குள் கோடு ஒப்பந்தக்காரருக்கான குறி. எந்த நோட்டிலும் இல்லாதது. அண்ணனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், கட்டைவிரலால் அதைத் தேய்த்துக் காசு கொடுத்துப் பழகிய ஒப்பந்தக்காரருக்குத் தெரியும்.

வெயிலில் வாளி காய ஆரம்பித்தது. முதலில் வாய் போயிற்று. பிறகு வயிறு. கைப்பிடியின் மெலிந்த முனை பின்வாங்கித் தடித்த முனைக்குள் போய் மறைந்தது. எழுத்தும் போயிற்று. முற்றம் மறுபடியும் வெள்ளையாகக் கிடந்தது, மூலையில் இருந்த அந்தச் சின்னக் கிறுக்கலைத் தவிர. அது அப்படியே ஈரமாக இருந்தது. காம்பு நுனித் தண்ணீர், முதலில் காய்ந்திருக்க வேண்டியது.

"நாற்பதுக்கு இருபது," என்று படித்தார் டேப்புக்காரர். "இது எந்தச் சுவர்?"

ஒப்பந்தக்காரர் எழுந்து வந்தார். செருப்புக் காலை அதன்மேல் நீட்டினார்.

"காசு கொடுத்தவங்கதான் அழிக்கணும்," என்றாள் தம்பி பொண்டாட்டி. தலை நிமிரவில்லை. தினம் கொட்டகையில் பாட்டில் எண்ணிக்கை சொல்கிற அதே குரல்தான்.

கால் அந்தரத்தில் நின்றது. கீழுதடு தனியாகத் துடித்தது.

"எவ்வளவு?" என்றார் ஒப்பந்தக்காரர். கேட்டுவிட்டோமே என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கை சட்டைப்பைக்குப் போயிருந்தது.

எழுத்துக்காரர் மனைவி முன்னால் வந்தாள். "கொடுங்க. ஆனா நாங்க தேர்தல்ல நிக்கிறவங்க. எங்க வீட்டுக்கு யார் எது கொடுத்தாலும் படிவத்துல எழுதணும். உங்க பேரு, உங்க தொழிலு, எதுக்காகக் கொடுக்கிறீங்கன்னு. எழுதிப் பலகைல ஒட்டுவாங்க. என்னன்னு எழுதட்டும்?"

ஒப்பந்தக்காரர் கையைப் பையிலிருந்து எடுத்தார். காலைப் பின்னால் இழுத்தார். "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல சார்," என்று டேப்புக்காரரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, முற்றத்தைக் குறுக்கே கடக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

மணி மூன்றரை. டேப்புக்காரர் படிவத்தில் முத்திரை குத்தினார்.

---

வீடு திரும்பும் வழியில் எழுத்துக்காரர் கேட்டார்.

"எப்பம்மா கத்துக்கிட்ட?"

"எத மாமா?"

"எழுத. அஞ்சு சுவரு."

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "ஒரு சுவரும் நான் எழுதல. இன்னைக்கு எழுதினதுதான் முதல். கை நடுங்கிக் காட்டிக்கொடுத்துருமோன்னு பயந்துகிட்டே உக்காந்தேன். நடுங்கல."

"அந்தக் குறி உனக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லியிருந்தானா?"

"எந்தக் குறி?"

"கடைசில மூலைல எழுதினியே. நாற்பதுக்கு இருபது."

அவள் நின்றுவிட்டாள். மனைவியும் நின்றாள். தம்பி பொண்டாட்டி தன் இடது கையைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"வாளிதான் எழுதச் சொன்னாங்க," என்றாள். "வாளிதான் மாமா எழுதினேன்."

சனிக்கிழமை காலை பட்டியலை ஒட்டிவிட்டார்கள். எழுத்துக்காரர் போய்ப் படித்தார். தம்பி பொண்டாட்டி பெயர். கணவர் பெயர் என்ற கட்டத்தில் தம்பி பெயர். பக்கத்தில், தொழில்: சுவரெழுத்து. மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருந்தன. போலீஸ் தாளுக்குப் பிறகு அவன் பெயர் ஏறிய முதல் தாள் இது. இரண்டு பேர் படித்துவிட்டு, தகரம் திருடினவன் இல்லையா அது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். "சுவரெழுத்துன்னுல்ல போட்டிருக்கு," என்றான் ஒருவன்.

முற்றத்தில் கிறுக்கல் இன்னும் ஈரமாக இருந்தது. பெருக்குகிறவள் அதைச் சுற்றி விட்டுவிட்டுப் பெருக்கியிருந்தாள். எழுத்துக்காரர் குனிந்தார். கட்டைவிரல் தானாக நீண்டது. காசு வரவில்லையே என்று எடுத்துக்கொண்டார்.

"எழுத்துக்காரரே." பின்னால் டேப்புக்காரர், சைக்கிளைப் பிடித்தபடி. கண் தூங்காத கண். "பழைய ஃபைல எடுத்துப் படிச்சேன். நாற்பதுக்கு இருபது எங்கயும் இல்ல. கொஞ்சம் எடைமேடை வரைக்கும் வர்றீங்களா?"

"ஏழு வருஷம் ஆச்சு சார். மூடின கணக்கு."

"தெரியும். ஒண்ணும் பண்ண முடியாது. அளந்து வைப்போம்."

எடைமேடையில் லாரி இல்லை. ஒப்பந்தக்காரர் நாற்காலி காலியாக இருந்தது. எழுத்துக்காரர் டேப்பின் முனையை முதல் அடிக்கட்டையில் வைத்து அழுத்திக்கொண்டார். டேப்புக்காரர் கடைசி அடிக்கட்டை வரை நடந்தார்.

"நாற்பது."

உயரம் அளக்க அங்கே ஒன்றும் இல்லை. மேலே வெறும் வானம். கம்பைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இருந்தாலும் பழக்கத்தில் டேப்பை மேலே தள்ளினார். நான்கடி போயிற்று. ஆறடி. இப்போது ஒடியும் என்று எழுத்துக்காரர் தலையை ஒதுக்கிக்கொண்டார்.

ஒடியவில்லை. எட்டு. பத்து. டேப்புக்காரர் தள்ளுவதை நிறுத்திவிட்டார். டேப்பு நிற்கவில்லை. டப்பியிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு அதுவே மேலே போயிற்று, மேலே நிற்கிற ஒருவன் முனையைப் பிடித்து இழுத்துக்கொள்வதுபோல. பிறகு நின்றது. தொப்பை விழாமல், காற்றில் ஆடாமல், நூல் பிடித்த மாதிரி நின்றது.

டேப்புக்காரர் குனிந்து டப்பி வாயில் எண்ணைப் பார்த்தார்.

"இருபது," என்றார்.

இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. டேப்புக்காரர் ஒரு கையால் டப்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நோட்டை முழங்காலில் விரித்து எழுதினார். எண்ணூறு சதுர அடி. எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"கொடுத்தவர் பேரு என்னன்னு போடட்டும்?"

எழுத்துக்காரர் அறுபட்ட அடிக்கட்டையைத் தடவினார்.

"இன்னும் கொடுக்கலைன்னு போடுங்க சார்."